கேஸ்கட் செலவில் கற்ற பாடம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வசூலுக்குப் போய்வர, 2002-இல் உற்பத்தி நின்றுபோன கான்டெசா காரைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். இசுசு 1.8 லிட்டர் என்ஜின். அந்நாளில் வேகத்துக்குப் பெயர் பெற்றது.

வெளியே கசிவில்லாமலே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. என்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறமானது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டையும் லேத்துக்கு அனுப்பலாம் என்றார் மெக்கானிக். செலவுக்கு அஞ்சி, கேஸ்கட்டை மட்டும் மாற்றச் சொன்னோம். மூன்றே வாரத்தில் அதுவும் போயிற்று. சூட்டில் ஹெட் வளைந்திருந்தது.

மறுமுறை ஹெட்டை ஃபேசிங் செய்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக டார்க் ரென்ச்சால் இறுக்கினார்கள். சூடேறக் காரணமான ரேடியேட்டர் அடைப்பையும் நீக்கினார்கள்.

கூலி இரட்டிப்பானது. விலையை மட்டும் பார்க்காதீர்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் வணிகர்களாகிய நாமே அதை மறக்கலாமா?