இலாபம் வந்தது, முதல் எங்கே போனது?

2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது நான் பேசிப் பார்த்த சிறு வியாபாரிகள் பலரிடம் ஒரே கவலைதான் இருந்தது. "வியாபாரம் நடக்கிறது, கணக்கில் இலாபமும் தெரிகிறது. ஆனால் கடையில் சாமான் குறைந்துகொண்டே போகிறது. வீட்டில் எப்படிச் சொல்வது?" என்றார்கள். சிலர் தமது திறமையையே சந்தேகித்தார்கள். உண்மையில் இது திறமைக் குறைவல்ல. விலையேற்றம் முதலைத் தின்னும் விதமே அப்படித்தான்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் சுமார் 360 ரூபாவானது. 200 ரூபாவுக்குக் கொள்வனவு செய்த 1,000 பக்கற்றை 230 ரூபா வீதம் விற்றால் கையில் 2,30,000 ரூபா. இலாபம் 30,000. ஆனால் கொள்வனவு விலை 360 ஆகிவிட்டால் அதே பணத்துக்கு 638 பக்கற்தான் கிடைக்கும். அந்த 30,000 ரூபாவையும் வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால் கிடைப்பது 555தான். எனவே விலை ஏறும் காலத்தில் இலாபத்தைப் பழைய பில்லை வைத்துப் பார்க்கக் கூடாது. அடுத்த கொள்வனவுக்கு என்ன விலை என்பதை வைத்தே பார்க்க வேண்டும்.

கடன் கொப்பியிலும் இதே கதைதான். 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. ஒரு வருடத்துக்கு முன் கொடுத்த 10,000 ரூபா கடன் சதம் குறையாமல் திரும்பி வந்தாலும், அதன் பெறுமதி பழைய 6,000 ரூபாவுக்கும் குறைவு. மறுபக்கம், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கியில் கடன் எடுத்துப் பிறருக்குக் கடனுக்கு விற்றவர் இரு பக்கமும் இழந்தார்.

இத்தகைய காலத்தில் மூன்று விடயங்கள் முக்கியம்.

ஒன்று, வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்து, அதை மட்டும் எடுங்கள். அதை வீட்டாருடன் பேசியே தீர்மானியுங்கள். மறைக்கப்படும் கஷ்டத்துக்கு யாரும் சிக்கனம் செய்ய முடியாது.

இரண்டு, கடன் நிற்கும் வாடிக்கையாளர் வெட்கத்தால் வேறு கடைக்குக் கைக்காசுடன் போய்விடுவார். பழைய கணக்கைச் சிறு தவணைகளாகப் பிரித்துக் கொடுத்து, புதிய சாமானைக் கைக்காசுக்குக் கொடுங்கள். ஆளும் தங்குவார், கடனும் வரும்.

மூன்று, மனைவியின் நகையை அடகு வைத்து முதல் போடுமுன், முதல் எங்கே கரைகிறது என்று கண்டுபிடியுங்கள். ஓட்டையை அடைக்காமல் ஊற்றும் தண்ணீர் நிற்காது.

2023 ஜூலையில் பணவீக்கம் மீண்டும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆனால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பணவீக்கம் குறைவதென்றால் விலை ஏறும் வேகம் குறைவது மட்டுமே. கரைந்த முதலை அது திருப்பித் தராது. அதை இலாபத்திலிருந்து சிறிது சிறிதாக நாமேதான் சேர்த்தெடுக்க வேண்டும்.