பரிஸ் வெயிலும் பழைய சிநேகிதியும்

"யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்து வளர்ந்தவளுக்குப் பரிஸ் வெயில் ஒரு வெயிலா?"

தங்கையிடம் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அந்த வாய்க்கொழுப்புக்குக் கிடைத்த தண்டனையையும், அதற்குள்ளேயே கிடைத்த மகிழ்ச்சியையும் வாசகத் தோழிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் சிநேகிதியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். 2003 இல் அவள் பிரான்சுக்குப் போய்விட்டாள். அதன்பின் இருபத்திரண்டு வருடங்கள் தொலைபேசிக் குரல்தான். "நீ ஓய்வு பெற்றவுடனை ஒருக்கா வாடி" என்று அவள் கேட்காத வருடமில்லை. 2025 ஜூன் கடைசியில் அது கைகூடியது. எனக்காக இரண்டு கிழமை லீவு எடுத்து வைத்திருந்தாள். நானோ கணித ஆசிரியையாக இருந்த பழக்கத்தில், பார்க்க வேண்டிய பதினெட்டு இடங்களை நாள் வாரியாக நேரசூசி போட்டுக் கொண்டு போயிருந்தேன்.

அவளுடைய வீடு ஆறாம் மாடியில். மின்தூக்கி கிடையாது. பரிஸ் நகரின் பழைய கட்டிடங்களில் பெரும்பாலானவற்றின் கூரை துத்தநாகத் தகடு. அதற்கு நேர் கீழே இருப்பது, சித்திரை மாதத்தில் தகரக் கொட்டிலுக்குள் இருப்பதைப் போன்றது. ஊரிலென்றால் விறாந்தையும் வேப்பமர நிழலும் உண்டு, ஏழு மணிக்குள் இருட்டியும் விடும். அங்கே ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகிறது. பதினாறு மணித்தியாலம் வெயில் குடித்த கல்லும் தகடும் இரவெல்லாம் அனல் கக்குகின்றன. குளிரூட்டி உள்ள வீடுகள் குறைவு. காற்று வரட்டுமென்று நான் பகலில் யன்னலைத் திறக்க, அவள் ஓடிவந்து பூட்டினாள். "இஞ்சை வெயிலுக்கு யன்னல் பூட்டவேணும், இரவிலைதான் திறக்கவேணும்" என்றாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வேடிக்கை ஜூலை முதலாம் திகதி முடிந்தது. அன்று பரிஸ் பகுதிக்கு வெப்பத்துக்கான செவ்வெச்சரிக்கை. "இண்டைக்கு வீட்டிலை இருப்பம்" என்று அவள் சொன்னாள். என் நேரசூசியில் அன்று ஈபெல் கோபுரமும் லூவ்ர் அருங்காட்சியகமும். நான் விடவில்லை. கோபுரத்தடிக்குப் போனால், வெப்பத்தின் காரணமாக உச்சித் தளத்தை மூடியிருந்தார்கள். அன்றும் மறுநாளும் அது திறக்கப்படவில்லை. சரி, மொனாலிசாவையாவது பார்ப்போமென்று லூவ்ருக்கு இழுத்துக்கொண்டு போனேன். கதவு பூட்டு! செவ்வாய்க்கிழமைகளில் லூவ்ர் திறப்பதில்லை. பதினெட்டு இடங்களுக்கு நேரசூசி போட்டவள் அதைக் கவனிக்கவில்லை.

"நான் சொன்னனான்தானே" என்றாள் அவள். "நீ இருபத்திரண்டு வருஷமாய் இருக்கிறாய், உனக்கும் தெரியேல்லையே" என்றேன் நான். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கியது. பேசாமலே மெட்ரோவுக்குள் இறங்கினோம். மெட்ரோ 1900 இல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் படிகள்தான். சனநெரிசல், வியர்வை, மூச்சு முட்டும் சூடு. இடையில் தலை சுற்றிக் கண் இருண்டது எனக்கு. நான் பிரஷர் குளிசை போடுகிறவள். காலையிலிருந்து குடித்தது ஒரு கோப்பை தேநீர் மட்டுமே. ஒரு பிரெஞ்சு இளம்பெண் எழுந்து இடம் தந்தாள். சிநேகிதி தன் சால்வையை நனைத்து என் பிடரியில் வைத்தாள். அவளுடைய கை நடுங்கியதை உணர்ந்தேன்.

மறுநாள் நாங்கள் எங்கும் போகவில்லை. யன்னல்களை மூடி, ஈரத்துணி தொங்கவிட்டு, நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அப்போதுதான் தொலைபேசியில் ஒருநாளும் சொல்லாத கதையைச் சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்த 2003 ஓகஸ்ட் மாதத்தில் பிரான்சை ஒரு பெரும் வெப்ப அலை தாக்கியது. ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் முதியவர்கள், தனியே வாழ்ந்தவர்கள். பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருந்த காலம் அது. இவள் இருந்த மாடியிலும் ஒரு மூதாட்டி கதவுக்குப் பின்னால் இறந்து கிடந்தாராம். "முதல்நாள் படியிலை கண்டனான். பாஷை தெரியாததாலை தண்ணி வேணுமோ எண்டுகூடக் கேக்கேல்லை" என்று சொல்லி அழுதாள். அந்தத் துயரத்தின் பின்னர்தான் அங்கே அரசு வெப்ப காலத் திட்டமொன்றை வகுத்தது. தனித்திருக்கும் முதியோரைப் பதிவு செய்து, வெயில் கடுமையான நாட்களில் தொலைபேசியில் சுகம் விசாரிக்கிறார்கள். நேற்று அவள் கை ஏன் நடுங்கியது என்று எனக்கு அப்போது விளங்கியது.

இன்னொன்றையும் சொன்னாள். ஈபெல் கோபுரத்துக்குப் பக்கத்துக் கட்டிடமொன்றில் பதினெட்டு வருடம் அதிகாலை துப்புரவு வேலை செய்தவள் அவள். ஒரு நாளும் கோபுரத்தில் ஏறியதில்லை. லூவ்ருக்குள்ளும் போனதில்லை. "ஆரோடை போறது? அதுக்கு எங்கை நேரம்?" லூவ்ர் எந்தக் கிழமை பூட்டென்று அவளுக்கு எப்படித் தெரியும்! அவள் லீவு எடுத்ததும் எனக்கு இடம் காட்டுவதற்காக மட்டுமல்ல, தானும் பார்க்கத்தான். அதை அறியாமல் அவளை வழிகாட்டியாக்கி இழுத்துத் திரிந்திருக்கிறேன்.

நேரசூசியைக் கிழித்துப் போட்டேன். அதன்பின் ஒரு நாளைக்கு ஓரிடம் என்று வைத்துக்கொண்டோம். காலை ஏழரைக்குப் புறப்படுவது, பதினொரு மணிக்குள் திரும்புவது, பிறகு உறக்கம், மாலை ஏழுக்குப் பின் மீண்டும் நடை. வெளிச்சம்தான் பத்து மணிவரை இருக்கிறதே!

மெதுவாக நடந்தபோதுதான் நகரம் கண்ணில் பட்டது. வீதியோரங்களில் கரும்பச்சை நிறத்தில் குடிதண்ணீர் ஊற்றுகள். ரிச்சர்ட் வலஸ் என்ற ஆங்கிலேயர், போரால் நலிந்திருந்த நகரத்தின் ஏழைகளும் நல்ல தண்ணீர் குடிக்கட்டுமென்று 1872 இல் அமைத்துக் கொடுக்கத் தொடங்கியவை. அவற்றின் சிறு கூரையை நான்கு பெண் சிலைகள் தாங்கி நிற்கின்றன. இன்றும் கோடையில் தண்ணீர் இலவசம். போத்தலை நிரப்பி, முகத்தைக் கழுவி, சிறுபிள்ளைகள் போல ஒருத்திக்கு மேல் ஒருத்தி தெளித்துக்கொண்டோம்.

லக்சம்பேர்க் பூங்காவில் பச்சை இரும்புக் கதிரைகள் இருக்கின்றன. விரும்பிய நிழலுக்கு இழுத்துப் போட்டு எவ்வளவு நேரமும் இருக்கலாம், காசில்லை. பிரான்சின் இராணிகளும் புகழ்பெற்ற பெண்களுமாக இருபது சிலைகள் அங்கே சுற்றி நிற்கின்றன. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் அந்த இராணிகளுக்கு முன்னால் இருந்து சாப்பிட்டோம். லா சப்பல் தமிழ்க் கடைகளில் வாங்கிய கத்தரிக்காய்.

லூவ்ருக்கும் போனோம், ஒரு புதன்கிழமை! மொனாலிசா 77 சென்ரிமீற்றர் உயரமேயான சிறிய படம். எங்களுக்கும் படத்துக்கும் நடுவில் நூறு கைத்தொலைபேசிகள். "இவ்வளவுதானோ?" என்றாள் அவள். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டோம்.

அதற்கு முன்னர் வந்த சனிக்கிழமை, ஜூலை ஐந்து, ஒரு நல்ல நாள். 1923 இலிருந்து தடைசெய்யப்பட்டிருந்த செய்ன் நதிக் குளிப்பை, நீரைத் துப்புரவாக்கி அன்றுதான் மூன்று இடங்களில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். காலையில் கரையில் நின்று, வயதான பெண்களும் துணிந்து நீந்துவதைப் பார்த்தோம். மாலையில் ஈபெல் கோபுரம். இரண்டாம் தளம்வரை மின்தூக்கியில் ஏறினோம். 1889 கண்காட்சிக்காக எழுந்த இந்த இரும்புக் கோபுரம் இன்று 330 மீற்றர். வெயிலில் இரும்பு விரிவதால் கோடையில் சில சென்ரிமீற்றர் வளரவும் செய்கிறதாம். முதலாம் தளத்துக்குக் கீழே 72 அறிஞர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். அதில் ஒரு பெண்ணும் இல்லை. நெகிழும் பொருள்களின் கணிதத்தை ஆராய்ந்த சோபி ஜெர்மேன்கூட இல்லை. கணிதம் படிப்பித்தவள் என்ற முறையில் எனக்குக் கோபம் வந்தது. "இதைப் பாத்தபடி பதினெட்டு வருஷம் நிலம் துடைச்சனான். என்ரை பெயரும்தான் இல்லை" என்று அவள் சிரித்தாள்.

மேலிருந்து தான் வேலை செய்த கட்டிடத்தைத் தேடிக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள். அதற்குப் பிறகு நெடுநேரம் அவள் பேசவில்லை. கீழே இறங்கிப் புல்லில் அமர்ந்தோம். பதினொரு மணிக்குக் கோபுரம் முழுவதும் ஐந்து நிமிடம் மின்மினியாய் ஒளிர்ந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டிலுள்ள சிநேகிதி வீட்டுக்குக் கோடையில் போக இருக்கும் தோழிகளுக்குச் சில வார்த்தைகள். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் புறப்படுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். சில குளிசைகள் உடம்பின் நீரைக் குறைப்பவை. தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். பரிஸ் வீதியோரக் கழிப்பறைகளில் 2006 முதல் கட்டணமில்லை. புதுச் சப்பாத்தோடு போகாதீர்கள். நெரிசலில் கைப்பையை முன்பக்கம் பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், "நீ எதைப் பார்க்க ஆசைப்பட்டாய்?" என்று சிநேகிதியைக் கேளுங்கள்.

பதினெட்டு இடங்களில் நான் பார்த்தது ஏழு. ஊருக்கு வந்ததும் தங்கை கேட்டாள், "பரிஸ் வெயில் எப்படி?" என்று. "அது வெயில்தான்" என்று ஒப்புக்கொண்டேன்.