தோடும் கதை சொல்லும்!

திருப்பாலைக்குடியில் ஒரு மீனவர் வீடு என்று வைத்துக்கொள்வோம்.

விடிகாலையில் கரை திரும்பிய தகப்பனார், வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். திண்ணையில் மகன். கையில் செல்போன். அதில் பொம்மைகள் வாள் வீசுகின்றன!

"என்னடா அது?"

"மங்கா, அத்தா!"

"மாங்காயா? அதை நறுக்க இத்தனை பெரிய கத்தியா?"

பையன் சிரிக்கிறான். அத்தாவும் சிரித்துவிட்டுக் குளிக்கப் போகிறார். பேச்சு அதோடு முடிந்தது.

கடற்கரை ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் பல. தகப்பன் கடலில் இருக்கும்போது மகன் தூங்குகிறான். மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது தகப்பன் தூங்குகிறார். இருவரும் சேர்ந்து உட்காரும் நேரமே கொஞ்சம். அதிலும் நடுவே இந்தப் பொம்மை வந்து உட்கார்ந்துகொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் அந்தப் பொம்மை சும்மா வாள் வீசவில்லை. அதன் சட்டை பேசுகிறது. காதில் தொங்கும் தோடு பேசுகிறது. அதைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்!

வலமிருந்து இடம்

ஜப்பான் தேசத்தில் படக்கதைக்கு 'மங்கா' என்று பெயர். வாரப் பத்திரிகைகளில் தொடராக வரும். பிறகு புத்தகமாகும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். புத்தகத்தை வலது பக்கமிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும். (அரபு ஓதப் பழகிய பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல!)

இந்தக் கலையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஒசாமு தெசூகா. டாக்டருக்குப் படித்தவர். ஊசி பிடிக்க வேண்டிய கையில் தூரிகையைப் பிடித்தார். 1952-ம் ஆண்டு இயந்திரச் சிறுவன் ஒருவனைப் படைத்தார். அவனுக்குப் பெரிய பெரிய கண்கள். முகத்தில் மற்றவை சிறியவை. ஏன்? அழுகை, பயம், சந்தோஷம் எல்லாம் முதலில் கண்ணில்தானே தெரிகிறது! அமெரிக்க டிஸ்னி படங்களிலிருந்து இதைக் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். புத்தர் பெருமானின் வரலாற்றையும் 1972 முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் படக்கதையாக வரைந்தார்.

அண்ணனும் தங்கையும்

பையன்கள் இப்போது விரும்பிப் பார்க்கும் கதைகளில் ஒன்று, 'டீமன் ஸ்லேயர்'. அரக்கரை அழிப்பவன் என்று பொருள். 2016 முதல் 2020 வரை ஜப்பானில் தொடராக வந்தது. அதன் சினிமா ஒன்று 2025-ல் தமிழ் பேசிக்கொண்டே நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வந்தது.

கதை இதுதான். தஞ்சிரோ, கரி விற்கும் ஏழைப் பையன். ஒரு நாள் வீடு திரும்பினால் குடும்பமே இரத்த வெள்ளத்தில் கிடக்கிறது. அரக்கனின் வேலை! தங்கை நெசுகோ மட்டும் பிழைத்திருக்கிறாள். ஆனால் அவளும் அரக்கியாக மாறிவிட்டாள். மனிதரைக் கடித்துவிடக் கூடாது என்று அவள் வாயில் மூங்கில் துண்டு கட்டப்படுகிறது. அவளை ஒரு பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, மாற்று மருந்து தேடிப் புறப்படுகிறான் அண்ணன்.

அந்தத் தங்கையின் உடையைக் கவனியுங்கள். இளஞ்சிவப்புத் துணி. அதில் நட்சத்திரம் போல ஒரு கோலம். நார் எடுக்கும் ஒரு செடியின் இலைக் கோலம் அது. அந்தச் செடி விறுவிறு என்று வளரும். வளையாமல் நேராக வளரும். அதனால் பிறந்த குழந்தைக்கு அந்தக் கோலம் போட்ட துணியை உடுத்துவது ஜப்பானில் பழைய வழக்கம். பிள்ளை நோய் நொடி இல்லாமல் வளர வேண்டும், தீயது எதுவும் அண்டக் கூடாது என்பது தாயின் ஆசை. நம் ஊரில் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதில்லையா? கையில் தாயத்துக் கட்டுவதில்லையா? அதைப் போலத்தான்.

இப்போது கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். தீயது அண்டாமல் இருக்கத் தாய் உடுத்திய துணி. அதை உடுத்தியிருப்பவளோ அரக்கி! ஜப்பானியத் தாய் ஒருத்தி இந்தப் படத்தைப் பார்த்தால், ஒரு வரி படிப்பதற்கு முன்பே அவள் கண் கலங்கிவிடும்.

அண்ணனின் மேலாடையில் பச்சையும் கறுப்புமாகச் சதுரக் கட்டங்கள். ஜப்பானியர் அந்தக் கட்டத்தை ஒரு நாடக நடிகரின் பெயரால் அழைக்கிறார்கள். இச்சிமாட்சு என்ற நடிகர் 18-ம் நூற்றாண்டில் மேடையில் கட்டம் போட்ட உடை உடுத்தினார். ஊரே அதன் பின்னால் ஓடியது! இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 1985-ல் 'பூவே பூச்சூட வா' வந்த பிறகு நம் பெண்கள் கடை கடையாக நதியா கம்மல் கேட்கவில்லையா? கட்டத்துக்கு முடிவே இல்லை, எந்தப் பக்கமும் நீண்டுகொண்டே போகலாம். அதனால் குலம் தழைக்கும் என்று ஒரு நம்பிக்கை. குலமே அழிந்துபோன பையனின் தோளில் அந்தக் கட்டம்!

மாற்றி வரைந்த தோடு

தஞ்சிரோவின் காதில் தகப்பன் வழியாக வந்த தோடு. அதில் சிவப்புச் சூரியன். சுற்றிலும் கதிர்க் கோடுகள். ஜப்பானியப் பையனுக்கு அது குடும்பச் சொத்து. ஆனால் தென் கொரியாவில் அதே தோடு வேறு கதை சொன்னது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானிடம் அடிமைப்பட்டுக் கிடந்தது. அன்றைய ஜப்பான் இராணுவக் கொடியிலும் கதிர் வீசும் சூரியன்! அந்தக் கொடியின் கீழ் அடிபட்டவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? அங்கே வெளியிட்டபோது தோட்டின் கோடுகளை மாற்றி வரைந்தார்கள். ஒரு சின்னக் காதணி, இரண்டு தேசங்களின் பழைய காயத்தைக் கீறிவிட்டது.

படத்தில் சூரியன் தெரிந்தால் அர்த்தம் தேடுவதைத் தமிழ்நாட்டாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எம்.ஜி.ஆர். படங்களில் கறுப்பும் சிவப்பும் சேர்ந்து வந்தால் கொட்டகையில் விசில் பறந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அரண்மனைச் சுவர்

திருப்பாலைக்குடியிலிருந்து தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரம் போனால், சேதுபதி மன்னர்களின் அரண்மனைக்குள் இராமலிங்க விலாசம் இருக்கிறது. சுவரெல்லாம் ஓவியம்! 18-ம் நூற்றாண்டில் தீட்டியவை. இராமாயணக் காட்சிகள், கண்ணன் கதை, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், வெள்ளைக்காரத் தூதர்கள் வந்த காட்சி என்று சுவர் சுவராகக் கதை ஓடுகிறது.

அத்தனை கூட்டத்தில் மன்னர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவருடைய உயரமான குல்லாயைப் பாருங்கள். போர் ஒரு சுவரில், தர்பார் ஒரு சுவரில், அந்தப்புரம் ஒரு சுவரில். எங்கே போனாலும் குல்லாயைத் தேடிப் பிடித்தால் மன்னர் கிடைத்துவிடுவார்! வெள்ளைக்காரர்களை அவர்கள் உடையே காட்டிக் கொடுத்துவிடும். மங்கா வரைகிறவரும் இதைத்தான் செய்கிறார். நூறு பேர் சண்டை போடும் பக்கத்திலும் கட்டம் போட்ட மேலாடை தெரிந்தால் அது தஞ்சிரோ.

அதே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் அன்று சிவகாசியும் இருந்தது. 1985-ல்தான் தனியாகப் பிரிந்தது. அந்தச் சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் புறப்பட்டது. முதல் புத்தகம், 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 1962-ல் பிறந்த கதை. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! கண்ணுக்குத் தெரியாத ஆளைப் படத்தில் எப்படிக் காட்டுவது? அந்த ஒரு கை போதும். முதலில் கெட்டவனாக இருந்து பிறகு நல்லவனான ஆள் அவன். என்னதான் மறைந்தாலும் அவனைக் காட்டிக் கொடுப்பதும் அதே கைதான். அன்று அரை டிராயர் போட்டுக்கொண்டு அதைப் படித்தவர்கள் இன்று பேரன் எடுத்துவிட்டார்கள். பழைய பிரதிகளை இன்னும் தேடி அலைகிறார்கள்!

1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' பற்றிக் கேட்கவே வேண்டாம். டீக்கடையில் ஒருவர் படிக்க, எழுத்துத் தெரியாதவர் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். சிந்துபாத் எங்கே மாட்டிக்கொண்டான் என்பதைப் படிக்கிறவருக்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

எல்லாமே அர்த்தமா?

ஒன்று சொல்ல வேண்டும். ரசிகர்கள் சில சமயம் அளவு மீறிப் போகிறார்கள். பொத்தானுக்கு ஓர் அர்த்தம், பொத்தான் ஓட்டைக்கு ஓர் அர்த்தம்! வாரா வாரம் பக்கம் பக்கமாக வரைகிற மனிதருக்குப் பொத்தான் சில வேளை வெறும் பொத்தான்தான்.

1997 முதல் 'ஒன் பீஸ்' என்ற கடற்கொள்ளையர் கதையை எழுதி வரைகிறவர் எய்சிரோ ஓடா. புத்தகத்துக்கு நடுவே ரசிகர் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். "உங்கள் ஆட்கள் நம் உலகத்தில் பிறந்திருந்தால் எந்த நாட்டுக்காரர்கள்?" என்று ஒருவர் கேட்டார். கதாநாயகன் லூஃபி பிரேசில்காரன் என்று பதில் வந்தது. கதைக்குள் பிரேசிலே கிடையாது!

ஆனால் லூஃபி தலையில் இருக்கும் வைக்கோல் தொப்பி அப்படிப்பட்டதல்ல. சிறுவயதில் ஒரு மாலுமி அவனுக்குக் கொடுத்தது. பெரியவனாகித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது வாக்கு. கதை திரும்பத் திரும்ப அந்தத் தொப்பியிடம் வருகிறது. தொப்பிக்கு ஆபத்து வந்தால் லூஃபிக்குக் கோபம் வருகிறது. கதையே சுட்டிக் காட்டும் பொருளை நம்பலாம். ஒரே ஒரு பக்கத்தில் எட்டிப் பார்க்கும் பொத்தானை நம்ப வேண்டாம். 2025-ல் இந்தோனேசியாவிலும் நேபாளத்திலும் இளைஞர்கள் அந்த வைக்கோல் தொப்பி மண்டை ஓட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். படக்கதைக் கொடி நிஜக் கொடியாகிவிட்டது!

மறுபடியும் அதே வீடு. வெள்ளிக்கிழமை, கடலுக்குப் போகாத நாள் என்று வைத்துக்கொள்வோம். அத்தா மகன் பக்கத்தில் உட்காருகிறார். செல்போனில் ஏதோ ஒரு பாய்மரக் கப்பல்.

"டேய், நிறுத்து. பாய் இந்தப் பக்கம் உப்பியிருக்கு. கொடி அந்தப் பக்கம் பறக்குது. காத்து எங்கேயிருந்துடா அடிக்குது?"

பையன் படத்தை நிறுத்திவிட்டு உற்றுப் பார்க்கிறான்.

"ஆமாம், அத்தா!"

"தள்ளி உட்காரு. அந்தத் தொப்பிக்காரன் யாரு, சொல்லு."