பள்ளிக்கூட லேப்டாப்: பெட்டிக்குக் கணக்கு இருக்கு, உள்ளே இருப்பதற்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருந்தார். பெரியம்மா மகள், ஒரு பள்ளியில் ஆசிரியை. தோளில் பள்ளிக்கூடம் கொடுத்த லேப்டாப் பை.

“ரொம்ப மெதுவா ஓடுது கண்ணு. அடுத்த வாரம் திருப்பிக் குடுக்கணும், வேற மெஷின் தர்றாங்களாம். ஃபார்மட் பண்ணிக் குடுத்துடு.”

ஃபார்மட் பண்ணும் முன் வேண்டியதை எடுத்து வைக்கலாம் என்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். மூன்று வருடத்து எக்செல் கோப்புகள். மாணவர் பெயர், பிறந்த தேதி, சாதி, ஆதார் எண், அப்பா அம்மா செல்போன் எண், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண். அக்கா வகுப்புப் பிள்ளைகள் மட்டுமில்லை, பள்ளி முழுசுக்கும். “ஹெச்.எம். ஒரு தடவை ரிப்போர்ட் கேட்டாங்க, அப்ப இறக்கினது” என்றார்.

இதையெல்லாம் நான் பார்த்திருக்கவே கூடாது. நான் அந்தப் பள்ளியில் யாருமில்லை. அக்கா என்னிடம் வராமல் ஏதோ ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்திருந்தால், கடைப் பையன் பார்த்திருப்பான். அவ்வளவுதான் வித்தியாசம்.

லேப்டாப்பை வாங்கும்போது என்ன கையெழுத்துப் போட்டீங்க என்று கேட்டேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு வரி: லேப்டாப் 1, சார்ஜர் 1, பை 1, மவுஸ் 1. உள்ளே இருப்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், யோசித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

பெட்டியை எண்ணும் பழக்கம்

பள்ளிக்கூடமும் லேப்டாப்பும் என்றாலே தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். கொள்முதல் எல்காட் நிறுவனம் வழியாக. விற்றுவிடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள், அரசின் அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். விநியோகத்துக்காகப் பள்ளியில் பூட்டி வைத்திருந்த மடிக்கணினிகள் சில இடங்களில் திருடு போயின. அந்தத் தொகையைத் தலைமை ஆசிரியர்களிடம் வசூலிப்பதா என்று பெரிய சர்ச்சையே நடந்தது.

அந்தக் கவலை நியாயமானது. அரசுப் பணம், எண்ணிக்கை சரியாக இருக்கணும். ஆனால் அந்த மடிக்கணினிகள் பெட்டி பிரிக்காத புதுசு, உள்ளே யாருடைய விவரமும் கிடையாது. ஆசிரியர் கையில் இருக்கும் கருவி அப்படி இல்லை. 2020 கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைன் வகுப்புக்காகப் பல தனியார் பள்ளிகள் ஆசிரியர்களுக்கு லேப்டாப் கொடுத்தன. அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வந்தது. வருகைப் பதிவிலிருந்து மாணவர் விவரம் வரை எமிஸ் தளத்தில் ஏற்றுவது தினசரி வேலை ஆகிவிட்டது. கருவி மாறிவிட்டது, கணக்குப் பார்க்கும் முறை மட்டும் பழைய மேஜை நாற்காலிக் காலத்திலேயே நிற்கிறது.

லேப்டாப் உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். ஒரு பிள்ளையின் ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் வெளியே போனால் புதுசு வாங்க முடியாது.

முதலில் உடம்பு

பெட்டியைப் பார்த்துக்கொள்வதும் வேண்டியதுதான். நம்ம ஊருக்குப் பொருந்துகிற மூன்று விஷயம் மட்டும்.

சூடு. லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: வெப்பம், எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வேதிமாற்றம் வேகமாக நடந்து கொள்ளளவு குறையும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேலும்கூட கூடுதலாக ஏறும், அங்கே வைக்காதீர்கள். நாள் முழுக்க சார்ஜரிலேயே ஓடும் மெஷின் என்றால் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒருநாள்கூட ஓட்டக் கூடாது.

பயணம். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கத்தான் போகும், அணையாது. சில மெஷின்கள் பைக்குள்ளேயே தானாக விழித்துக் கொதிக்கும். பழைய மாடலில் ஹார்டு டிஸ்க் இருந்தால், சுழலும் தட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு முனை ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஸ்கூட்டியில் வேகத்தடை தாண்டினால் என்ன ஆகும், யோசித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஷட்டவுன். பத்து விநாடி வேலை.

பென் டிரைவ். வினாத்தாளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுவிட்டு வந்தால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ஒரு நாளைக்கு நூறு பென் டிரைவ் குத்தும் கணினி அது. பிரிண்ட்டுக்கென்று தனியாக ஒரு காலி பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வினாத்தாள் தவிர வேறெதுவும் இருக்க வேண்டாம்.

இப்போது உள்ளே

“பாஸ்வேர்டு போட்டிருக்கேனே” என்றார் அக்கா. விண்டோஸ் பாஸ்வேர்டு வாசல் கதவு மாதிரி. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கதவே இல்லாத வீடு. தடுப்பது என்கிரிப்ஷன் மட்டும்தான். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் என்று இருக்கும், ஹோம் பதிப்பிலும் பல மெஷின்களில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று இருக்கும். ஆன் செய்துவிட்டு, மீட்புச் சாவியைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.

அழித்தால் போய்விடும் என்பதும் தப்பு. ஒரு கோப்பை டெலீட் செய்தால் புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது மாதிரிதான், பக்கம் அப்படியே இருக்கும். ஹார்டு டிஸ்க்கில் இலவச மென்பொருளே போதும், மீட்டுவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் கஷ்டம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. திருப்பிக் கொடுக்கும்போது விண்டோஸின் ‘ரீசெட்’டில் டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என்கிரிப்ஷன் ஏற்கெனவே ஆன் ஆகியிருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, குடும்பம். அக்கா பையன் அதில் கேம் இறக்கியிருந்தான், எங்கிருந்தோ கிராக் செய்தது. பிரவுசரில் எமிஸ் பாஸ்வேர்டு சேமித்து வைத்திருந்தது. கிராக் செய்த மென்பொருளோடு வரும் திருட்டு நிரல்கள் முதலில் தேடுவதே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத்தான். பையன் மேல் தப்பில்லை. அந்த லேப்டாப் வீட்டுச் சாமான் இல்லை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஒரு பாஸ்வேர்டு போனால் என்ன பெரிசா என்று கேட்கலாம். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் பவர்ஸ்கூல் என்ற பள்ளி மேலாண்மை மென்பொருள் நிறுவனத்தில் விவரங்கள் திருடு போயின. உள்ளே நுழைய உதவியது திருடிய ஒரு லாகின். வெளியே போனது பல கோடி மாணவர், ஆசிரியர் விவரம்.

கொடுக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு

இதையெல்லாம் ஆசிரியர் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. தரவைப் பாதுகாக்கும் பொறுப்பை, அதை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கிற அமைப்பின் மேல் வைக்கிறது. அதாவது நிர்வாகத்தின் மேல். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

கொடுத்த கருவி என்பதற்காக நிர்வாகம் எட்டிப் பார்க்கவும் கூடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம், மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பின் கேமரா வழியாக அவர்கள் வீட்டில் இருக்கும்போதே படங்கள் எடுத்தது 2010ல் வழக்கானது. தொலைந்த லேப்டாப்பைக் கண்டுபிடிக்க வைத்த வசதி அது. கடைசியில் 6,10,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். ஆசிரியர்களுக்கும் இதில் பாடம் உண்டு: சொந்த போட்டோ, பேங்க் வேலை, சொந்த மெயில் எதுவும் பள்ளி லேப்டாப்பில் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கடைசியில் என்ன செய்தோம்

பாடக்குறிப்புகளை மட்டும் அக்காவின் பள்ளிக் கணக்குக்கு ஏற்றினோம். மாணவர் பட்டியல் எதையும் நான் நகல் எடுக்கவில்லை. எமிஸ் பாஸ்வேர்டை அக்காவே தன் போனில் மாற்றினார். ரீசெட் ஓட ஆரம்பித்து முடிய ராத்திரி பத்தாகிவிட்டது.

மறுவாரம் போன் செய்தார். “ஹெச்.எம். கிட்ட சொன்னேன்டா. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இனிமே ஒரு காலம் சேர்த்து எழுதச் சொல்லிட்டாங்க.”

திருப்பித் தரும் தேதிக்குப் பக்கத்தில்: ‘உள்ளே இருந்தவை அழிக்கப்பட்டனவா? ஆம் / இல்லை. கையொப்பம்.’

நீங்கள் ஆசிரியராக இருந்தால், அல்லது வீட்டில் ஒரு ஆசிரியர் இருந்தால், இன்றைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கி, கடைசி வரை இறங்கிப் பாருங்கள். எந்த வருடத்துப் பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள் என்று தெரியும்.