கம்பியைச் செருகினால் புது நாதம்!
புதிதாகப் பழகுவோருக்கு ஒரு மின்சார வாத்தியம்

வீணைக்குத் தந்தி வேண்டும். நாதஸ்வரத்துக்கு மூச்சு வேண்டும். இரண்டும் இல்லாமல், மின்சாரத்தைக் கொண்டே நாதம் எழுப்பும் வாத்தியம் ஒன்று உண்டு. அதுதான் சிந்தசைசர்!

1964-ல் அமெரிக்க என்ஜினீயர் ராபர்ட் மோக் செய்த சிந்தசைசரில் பகுதிகள் தனித்தனியாக இருந்தன. அவற்றைக் கம்பிகளால் இணைத்தால்தான் ஓசை பிறக்கும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல எங்கு பார்த்தாலும் கம்பிகள்! புதியவர்கள் மிரண்டு போனதில் வியப்பில்லை.

பாதி உள்ளே, பாதி கையில்

இந்தப் பயத்தைப் போக்க வந்ததே ‘செமி-மாடுலர்’ முறை. 1971-ல் வெளிவந்த ‘ஏ.ஆர்.பி. 2600’ இதற்கு நல்ல உதாரணம். முக்கியமான இணைப்புகள் உள்ளேயே செய்யப்பட்டிருக்கும். ஒரு கம்பிகூடச் செருகாமல் வாசிக்கலாம். துளையில் கம்பியைச் செருகினால், உள்ளே உள்ள இணைப்பு விலகி, உங்கள் இணைப்பு வேலை செய்யும். கம்பியை எடுத்துவிட்டால் பழைய இணைப்பு திரும்பிவிடும்.

முதல் பாடம்

ஆஸிலேட்டர் ஒலியை உண்டாக்குகிறது. பில்டர் அதன் கூர்மையைக் குறைக்கிறது. ஆம்ப்ளிபையர் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. நான்காவதாக ‘என்வலப்’. மீட்டிய வீணை நாதம் சட்டென எழுந்து மெல்ல அடங்கும். நாதஸ்வர ஒலி ஊதும் வரை நிற்கும். இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது என்வலப்தான்.

முதலில் ஒலியைக் குறைவாக வையுங்கள். கம்பி எதையும் தொடாமல் பில்டரை மட்டும் மெல்லத் திறந்து மூடுங்கள். கனத்த ஒலி படிப்படியாகப் பிரகாசமாவதைக் கேட்கலாம். பிறகு ஒரே ஒரு கம்பி. மிக மெதுவாக அசையும் ஆஸிலேட்டரை பில்டருடன் இணையுங்கள். உங்கள் கை படாமலே ஒலி திறந்து மூடும்!

ஞாபகம் இல்லாத கருவி

1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஆர்2-டி2 என்ற குட்டி யந்திர மனிதன் பேசுகிறதே, அந்தக் குரலை உண்டாக்க பென் பர்ட் தம் சொந்தக் குரலுடன் இந்த 2600-ஐயும் உபயோகித்தார்.

ஆனால் ஒரு சங்கடம். 2600-க்கு ஞாபகசக்தி கிடையாது. நள்ளிரவில் கிடைத்த அருமையான ஒலி, குமிழ்களை நகர்த்தினால் போயே போய்விடும். எனவே பழகுவோர் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம். எந்தக் குமிழ் எங்கே, எந்தக் கம்பி எதில் என்று படம் போட்டு வையுங்கள். சில மாதங்களில் அந்த நோட்டே உங்கள் பாடப் புத்தகமாகிவிடும்.