முட்டை போன வழி

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்ட லயங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பல, வீட்டின் புறத்தே நாலைந்து நாட்டுக் கோழிகளை வளர்ப்பதுண்டு. கூட்டில் முட்டை காணாமற் போனால் முதலில் எழும் ஐயம் பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மீதே. ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் லயத்தில் ஒரு முட்டைக்காக இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடுதலும் கூடும். ஆதலின் கள்வன் யார் என அறிவது அற்பக் காரியம் அன்று.

முட்டை இடப்பட்டதா என்பதே முதல் வினா. கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். எனவே இடும் வேளை நாளுக்கு நாள் பின்தள்ளிச் சென்று, இடையே ஒரு நாள் வெறுமனே கழியும். நாட்டுக் கோழியோ பத்துப் பதினைந்து முட்டையானதும் அடைக்கு அமர்ந்துவிடும். இறகுதிரும் பருவத்திலும் முட்டை நிற்கும். சில கோழிகள் புதரில் ஒளித்து இடும். அவற்றைக் காலையில் திறந்துவிட்டுப் பின்தொடர்வதே வழி.

இட்ட முட்டை போயிற்று என்பது உறுதியானால், ஓட்டைத் தேடுக. கூட்டினுள்ளேயே வைக்கோல் நனைந்து, மஞ்சட்கரு ஒட்டி, கோழியின் அலகிலும் அது காய்ந்திருந்தால் கள்வன் கோழியே. சுண்ணாம்புச் சத்துக் குறைவால் ஓடு மெலிந்து உடைய, ஒருமுறை ருசி கண்ட கோழி பிறகு தானே கொத்தத் தொடங்கும். கிளிஞ்சலைப் பொடித்துத் தீவனத்தோடு கொடுப்பது நலம்.

உடைந்த ஓடு கூட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கிடந்தால், நேரத்தைக் கவனிக்க வேண்டும். பகலில் வருவன காகமும் கீரியும். இரவில் வருவது பெரும்பாலும் மரநாய்; மலையாளத்தில் இதனை மரப்பட்டி என்பர். இது கூரையேறி ஓட்டிடுக்கில் நுழைய வல்லது. பனையிலும் தென்னையிலும் கட்டிய கள்ளுக் கலயத்தில் வாய் வைப்பதும் இதுவே! மலைப்பக்கத்தில் இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு: மதில்மீதும் பாறைமீதும் காப்பிக்கொட்டை கலந்த எச்சம் கிடந்தால், மரநாய் நடமாட்டம் உண்டு என்று கொள்ளலாம்.

ஓடே இல்லாமல் முட்டை மறைவதுதான் அஞ்சத்தக்கது. உடும்பும் பாம்பும் முட்டையை முழுதாக விழுங்கும். கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பரப்பி வைத்தால், அது பேசும். இருபுறமும் நகம் பதிந்த அடிகள், நடுவே வால் இழுத்த கோடு எனில் உடும்பு. அடியே இன்றி வளைந்த தடம் மட்டும் எனில் பாம்பு. சாரையும் முட்டை தின்னும் எனினும், அதன் உணவில் எலியும் தவளையுமே மிகுதி. நல்லபாம்போ கோழிக்கூட்டிற்குள் நுழைந்து பல முட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குவதுண்டு. வயிறு புடைத்ததால் வந்த துளை வழியே திரும்பிச் செல்ல இயலாமல், வைக்கோலடியிலேயே அது சுருண்டு கிடத்தலும் கூடும். இருட்டில் முட்டை எடுக்கக் கைவிடுவோர்க்கு உள்ள ஆபத்து இதுவே. முட்டை எடுப்பது வீட்டுச் சிறுமியின் வேலையாக இருப்பின், விளக்கும் ஒரு நீண்ட கோலும் அவள் கையில் இருக்கட்டும்.

கூட்டைத் தரையினின்று உயர்த்தி, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிப்பதே நிலையான காப்பு. பெரிய கண்ணுள்ள கோழிவலை கோழியைத் தடுக்குமேயன்றிப் பாம்பைத் தடுக்காது. சிந்திய தவிடும் தானியமும் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். மாலைக்குள் முட்டைகளை எடுத்துவிடுக.

கீரி, உடும்பு, மரநாய், பாம்பு இவற்றைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாம்பு கூட்டிலேயே இருந்தால் கதவைச் சாத்திவிட்டு, கேரள வனத்துறையின் ‘சர்ப்பா’ என்னும் கைப்பேசிச் செயலி வழியே பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்போரை அழைக்கலாம். மலையாளத்தில் நல்லபாம்பு ‘மூர்க்கன்’, சாரை ‘சேர’. அழைக்கும்போது இந்தப் பெயர்களைச் சொன்னால் வருபவர்க்கு விளங்கும். எவரையேனும் கடித்துவிட்டால் கட்டுப் போடுதலும் கீறுதலும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்க.