டி.சி. வாங்கிப் போனவர்களையும் எண்ணுங்கள்

மே மாதம் வந்தால் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும். எட்டு முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் 490க்கு மேல் மதிப்பெண், தலைக்கு மேல் '100% தேர்ச்சி'. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் இதைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள்.

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி என்பது பாடத்துக்கு 35. ஐந்து பாடத்துக்கு 500க்கு 175. தமிழ்நாட்டின் மொத்தத் தேர்ச்சியே 2024இல் 91.55%, 2025இல் 93.80%. 100க்கும் அதற்கும் இடையில் 6.2 புள்ளிதான். 20 பேர் எழுதும் சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 5 புள்ளி போய்விடும். 'பத்தாண்டாக நூறு' என்று போட்டிருந்தால் 2020, 2021 இரண்டையும் கழித்துவிடுங்கள். கொரோனாவால் தேர்வு ரத்தாகி எல்லாரையும் தேர்ச்சி என்று அறிவித்த ஆண்டுகள் அவை.

பார்க்க வேண்டியது பின்னத்தின் பகுதியை. கணக்குக்காக இரண்டு பள்ளிகளை வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 64 பேர். பத்தில் எழுதியவர்கள் 48, தேறியவர்கள் 48. இரண்டாவதில் ஒன்பதில் 120, எழுதியவர்கள் 118, தேறியவர்கள் 110. ஃபிளெக்ஸ் கணக்கில் 100%, 93.2%. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எண்ணினால் 75%, 91.7%. அந்த 16 பிள்ளைகள் எங்கே போனார்கள்?

என் அக்கா மகன் அப்படிப் போனவன். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, "எங்க ரிசல்ட் பாதிக்கும், வேற ஸ்கூல் பாத்துக்கங்கம்மா" என்று டி.சி.யை நீட்டினார்கள். அதை நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா எங்கள் வீட்டுக்குத்தான் நேரே வந்தாள். நாலு வருஷம் கட்டிய பணத்துக்குப் பதில் இல்லை.

பணக் கணக்கும் இதே போலத்தான். கட்டணம் ஆண்டுக்கு 30,000 ரூபாய், வேன் மாதம் 1,200 என்றால், பத்து மாதக் கணக்கில் ஐந்தாண்டுக்கு 2,10,000. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பிலேயே தனியார் பள்ளிக்கு மாற்றினால் அதுவும் கைவிட்டுப் போகிறது. இதை யாரும் செலவில் எழுதுவதில்லை.

ஆகவே அலுவலகத்தில் மூன்று எண்கள் கேளுங்கள்: போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒன்பதில் எத்தனை பேர், போன வருஷம் பத்தில் எழுதியது எத்தனை பேர், 250க்குக் கீழே எடுத்தவர்கள் எத்தனை பேர். கடைசி எண்தான் எனக்கு முக்கியம். தடுமாறும் பிள்ளைகளையும் வைத்துப் படிக்க வைக்கிறார்களா என்பது அதில்தான் தெரியும்.

அக்கா மகன் அரசுப் பள்ளியில் சேர்ந்து 312 எடுத்துத் தேறினான்.